மூன்று பக்கம் பாக்கி

ஆனி 11, செவ்வாய்

மாரியம்மன் துணை.

இந்த நோட்டில் இடப்பக்கம் வீட்டு வரவுசெலவு. வலப்பக்கம் இதுவரை சும்மா கிடந்தது. இன்று கோயமுத்தூரில் பஸ் ஏற்றிவிடும்போது மகள் தமயந்தி, “உடம்புல என்னென்ன பண்ணுதுன்னு தேதி போட்டு எழுதி வைம்மா. டாக்டர் கேட்டா சட்டுனு சொல்லலாம்” என்றாள். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அவளுடைய பாடப் புத்தகங்களை அவளோடு உட்கார்ந்து படித்துத்தான் மேற்கொண்டு கற்றேன். எழுத வரும். எழுதுகிறேன்.

முட்டி வலி உண்டு. சர்க்கரை மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. பிரஷர் பரவாயில்லை. அடுத்தது ரத்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணு ஏகத்துக்கு இருக்கிறது என்று கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரத்தப் புற்றாம். ஆனால் மெதுவாக நகர்கிற வகையாம். “இதோட இருபது வருஷம் இருக்கறவங்க இருக்காங்கம்மா. இப்ப மருந்தே வேணாம், பாத்துக்கிட்டே இருப்போம்” என்றார் டாக்டர் ரெஹானா. அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றால்கூடப் பொங்கியதும் இறக்கிவிடலாம். இது பொங்கவும் மாட்டேன் என்கிறது, என்னை அந்த இடத்தைவிட்டு நகரவும் விடுவதில்லை.

என் வீட்டுக்காரர் இவருக்கு நோயின் பெயர் தெரியாது. “ரத்தத்துல ஏதோ கோளாறாம்” என்றேன். ரத்தம் கம்மி என்று இவராக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பைபாஸ் ஆன நெஞ்சு.

இன்று டாக்டர் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். தமயந்தி பணம் கட்டுகிற வரிசையில் நின்றிருந்தாள்.

“மண்ணீரல் வீங்கியிருக்கும்மா. போன தடவை கைக்கே தட்டுப்படல.”

“மண்ணீரல்னா, ஆட்டுல சுவரொட்டின்னு சொல்வமே, அதுங்களா?”

சிரித்துவிட்டார். “அதேதான். இதுவரைக்கும் என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்ல. இனிமே இடப்பக்கம் அடி படக்கூடாது. கீழ விழுந்துடக் கூடாது. பஸ்ல ஏறும்போது கம்பியில இடிச்சுக்காதீங்க.”

“தரையில படுத்து உருண்டா?”

“ஏன் உருளணும்?”

“சும்மா, ஒரு எக்சர்சைஸுக்கு.”

“அறுபத்துநாலு வயசுல எந்த எக்சர்சைஸ்ல உருளச் சொல்றாங்க? வேணாம்மா. உள்ள கிழிஞ்சா ரத்தம் வயித்துக்குள்ளயே கொட்டும், வெளிய தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வர நேரம் கிடைக்காது.”

சரி என்று தலையாட்டினேன்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன். இவருக்கு நெஞ்சைத் திறந்த அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் அம்மனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டால், நான் நடமாடுகிற வரைக்கும் ஒவ்வொரு ஆடிப் பண்டிகைக்கும் உன் கோயிலைச் சுற்றி உருளுகிறேன் என்று. இவர் பார்த்தார். அன்று முதல் ஓர் ஆடியும் தவறவில்லை. ஈரச் சேலையோடு, ஈரக்கல்லில், கோயிலின் நாலு பக்கமும். கொரோனாவுக்குக் கோயிலைப் பூட்டிய வருஷம் எங்கள் மொட்டைமாடியில் உருண்டேன்.

ஏன் உருளுகிறேன் என்று இவரிடம் சொன்னதில்லை. இவருக்குச் சாமியில் பெரிய பிடிப்புக் கிடையாது. எல்லா வருஷமும் நான் முடித்துவிட்டு வரும்வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் உருளுதண்டம் ஆடி 22.

ஆனி 12, புதன்

காலையிலேயே கறிக்கடைக்குப் போய்ச் சுவரொட்டி வாங்கி வந்துவிட்டார். “கோயமுத்தூர் போயி வந்த களைப்பு போவும். ரத்தம் ஊறும். மொளவு தூக்கலாப் போட்டு வதக்கிச் சாப்புடு.”

கழுவி அரியும்போது கை நின்றுவிட்டது. கருஞ்சிவப்பாக, நாக்குப் போல. எனக்குள் இருப்பதும் இதுதானாமே. வதக்கிச் சாப்பிட்டேன். வாசலில் நின்று, நான் கடைசித் துண்டைத் தின்கிற வரைக்கும் பார்த்துவிட்டுப் போனார்.

மாதுளை, பேரீச்சம்பழம், பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை என்று இந்த வீட்டுக்கு வராத சிவப்புப் பண்டம் இல்லை. குறைவாக இருந்தால்தானே ஊற வேண்டும்? என்னிடம் தேவைக்குமேல் இருக்கிறது.

ஆனி 15, சனி

எடை மறுபடி குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுலோச்சனா, “இளைச்சு எடுப்பாத் தெரியறீங்கக்கா, என்ன டயட்டு?” என்கிறாள்.

ஆனி 18, செவ்வாய்

தமயந்தி போன் செய்தாள். எனக்கு ஒரு காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுத்தான் பேசுவேன். எடுத்ததுமே சத்தம்.

“மண்ணீரல் வீங்கியிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. என்கிட்ட ஏம்மா மறைச்ச?”

“நீதான் வரிசையில நின்னுக்கிட்டு இருந்தியே.”

“பஸ்ல ஏத்திவிட்டனே, அப்ப சொல்றதுக்கென்ன? இந்த வருஷம் உருளக் கூடாது. தெரியுதா? நீ உருளுவ. எனக்குத் தெரியும் உன்னய. ரத்தத்துல கேன்சர வெச்சுக்கிட்டு, வயித்துல இத வெச்சுக்கிட்டு...”

“மெதுவாப் பேசுடி.”

“அப்பாகிட்டச் சொல்லிடவா?”

“சொன்னீன்னா என் மூஞ்சிலயே முழிக்காத.”

அழுதாள். அம்மனுக்கு ஊரெல்லாம் பிள்ளைகள், எனக்கு அம்மா நீ ஒருத்திதான் என்றாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழம்பு அடிப்பிடித்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பே இல்லை.

வெளியே வந்தால் இவர் கொடியில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். மெஷின் சத்தத்திலேயே இருந்த காது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் மேஸ்திரி. கேட்டிருக்காது. துண்டு காய்ந்துதான் இருந்தது. அதை எதற்குக் காயப்போட்டார் என்று தெரியவில்லை.

ஆனி 20, வியாழன்

செருப்பில்லாமல் கடைக்குப் போய் வருகிறார். கேட்டால் வார் அறுந்துவிட்டதாம். எடுத்துக் கொடுங்கள், தைக்கக் கொடுக்கிறேன் என்றால், “பாக்கலாம், பாக்கலாம்.”

தரை சுடுகிறது. சர்க்கரைக் கால்.

ஆனி 22, சனி

கட்டிலுக்கடியில் பெருக்கும்போது இவருடைய செருப்பு கிடைத்தது. பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறார். வார் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனி 25, செவ்வாய்

விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். வெந்நீர் வைத்துத் தரட்டுமா என்றால் வேண்டாமாம். இருமல் வந்துவிட்டது. டீக்கடைக்கும் போகவில்லை. சவரமும் இல்லை. தாடி வெள்ளைவெளேரென்று முளைத்துப் பார்க்கவே வேறு யாரோ போலிருக்கிறார்.

ஏன் இப்படி என்றேன். “வயசாவுதில்ல.” அவ்வளவுதான் பதில்.

பூஜைப் பாத்திரங்களை நேற்றுத்தான் விளக்கினேன். இன்றும் விளக்கினேன். சும்மா உட்கார முடியவில்லை.

ஆனி 30, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கறி வேண்டாம் என்கிறார். எனக்கு மட்டும் சுவரொட்டி வாங்கி வந்தார். “உங்களுக்கு?” என்றால், “ரசம் போதும். நாக்குல ருசியே இல்ல.”

சுலோச்சனாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“அக்கா, பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல செருப்ப மறந்தாரு. அப்புறம் சோத்த மறந்தாரு. கடைசியில வூட்டயே மறந்துட்டு ஓமலூர் ரோட்டுல நின்னாரு.”

அப்படியிருந்தால்? இவருக்கு ஞாபகம் தப்பிப்போய், எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால், யார் இவரைப் பார்ப்பார்கள்? தமயந்தி வேலைக்குப் போகிறவள். நெஞ்சுக்கான மாத்திரை காலை எது, ராத்திரி எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இவர் டப்பாவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

உருண்டால் நான் போய்விடலாம். உருளாவிட்டால், கொடுத்த வாக்குத் தவறி, இவருக்கு ஏதாவது ஆகிவிடலாம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கூட்டிப் பார்க்கிறேன், ஒரே விடைதான் வருகிறது.

ஆடி 1, புதன்

ஆடி பிறந்தது. முதல் நாள் வழக்கப்படி தேங்காய் சுட்டோம். காலையில் தலையணை உறை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கரண்ட் போயிருக்கும்.

ஆடி 4, சனி

மறுபடியும் நனைந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆடி 7, செவ்வாய்

இன்று பூச்சாட்டு. பண்டிகை ஆரம்பம். இனிக் கோயிலில் பொங்கல் வைத்து முடிக்கிற வரைக்கும் எங்கள் பேட்டையில் எந்த வீட்டிலும் கறி இல்லை. எனக்குச் சுவரொட்டியிலிருந்து விடுதலை. இவர்தான், “உனக்கு ரத்தத்துக்கு என்ன பண்றது?” என்று கவலைப்பட்டு இரண்டு கிலோ பீட்ரூட் வாங்கி வந்துவிட்டார். இதை யார் தின்பது? பொரியல், சாம்பார், அல்வா. நாக்கெல்லாம் சிவந்துவிட்டது.

தமயந்தி போனில் வழக்கம்போலப் பேசினாள். உருளுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சமாதானமாகிவிட்டாள் போல. எனக்குத்தான் அது உறுத்துகிறது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஆடி 10, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். வாசலில் உருத்தகடு விற்கிறவர் கடை போட்டிருக்கிறார். வெள்ளித் தகட்டில் கண், கை, கால், வயிறு, குழந்தை என்று அடித்து வைத்திருப்பார். எங்கே நோவோ அந்தத் தகட்டை வாங்கி உண்டியலில் போட வேண்டும். உருள முடியாவிட்டால் இதையாவது போட்டு ஈடுகட்டலாமா என்று ஒரு யோசனை.

“ரத்தத்துக்கு என்ன தகடுங்க?”

அந்த ஆள் தட்டைக் கிளறினார். “ரத்தத்துக்கு வர்றதில்லீங்களே அம்மா.”

“மண்ணீரலுக்கு?”

“அதெல்லாம் எவன் அடிக்கிறான்? வயிறுன்னே வாங்கிக்கங்க, அம்மனுக்குப் புரியும். நேத்து ஒரு பெரியவரும் வந்து இதையேதான் கேட்டாரு. ரத்தம் இருக்குதா, சுவரொட்டி இருக்குதான்னு. சுவரொட்டிக்குக் கறிக்கடைக்குப் போங்க சாமின்னேன். சிரிக்கவே இல்ல, பாவம்.”

“அவரு என்ன வாங்கினாரு?”

“முழு ஆளு உரு. பொம்பள உருவா எடுத்துக்கிட்டாரு.”

இந்தப் பேட்டையில் இன்னொரு வீட்டிலும் இதே நோய் இருக்கிறது! யார் வீடோ. அந்தப் பெரியவர் இந்த வயதில் தெருவில் நின்று கேட்டிருக்கிறாரே, எவ்வளவு பயந்து போயிருப்பார். எனக்கு வேண்டிக்கொள்ளத்தான் போனேன். போனவள் அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகவும் அந்த மனுஷனுக்காகவும் வேண்டிக்கொண்டு வந்தேன். தகடு வாங்க மறந்துவிட்டது.

ஆடி 14, செவ்வாய்

கம்பம் நட்டு, காப்புக் கட்டினார்கள். வேண்டுதல் உள்ளவர்களுக்கு வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கட்டிக்கொண்டால் பண்டிகை முடிகிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும், காலில் செருப்புக் கூடாது. நான் கூட்டம் குறையட்டும் என்று மத்தியானம் போய்க் கட்டிக்கொண்டேன். பூசாரி கயிற்றை முடிந்துவிட்டு, “உங்க வூட்லதான் எல்லாம் சுறுசுறுப்பா இருக்கீங்க இந்த வருஷம்” என்றார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்குள் பின்னால் நின்றவள் தள்ளிவிட்டாள்.

இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

ஆடி 16, வியாழன்

ஆடிப் பதினெட்டுக்கு அப்பாவையாவது இங்கே அனுப்பி வை, இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றாள் தமயந்தி. நான் காப்புக் கட்டியவள், போக முடியாது. இவருக்கென்ன? போய் வாங்களேன் என்றேன்.

“ராத்தங்கல்லாம் முடியாது.”

“ஏனாம்?”

“தலையணை மாறினா எனக்குத் தூக்கம் வராது.”

இரண்டு நாளாகத் தரையில் பாயை விரித்துத் தலையணையே இல்லாமல் படுத்துக்கொண்டிருக்கிறார். கட்டிலில் படுத்தால் முதுகு வலிக்கிறதாம். சொன்னது ஒன்று, செய்வது ஒன்று. இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கழற்றுவதே இல்லை. துவைக்கும்போது பார்த்தேன், வலது கை மடிப்பில் மஞ்சள் கறை. சாப்பிட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்திருப்பார். இவர் அப்படிச் செய்கிற ஆளே இல்லை.

கோயமுத்தூர் போகும்போது இவரையும் அழைத்துப்போய் நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். மேலே எழுதியதையெல்லாம் ஒருமுறை படித்துப் பார்த்தேன். என் உடம்புக்கென்று ஆரம்பித்த நோட்டு, இவர் உடம்பாகவே ஆகிவிட்டது.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். நான் அதிகம் சாப்பிடவில்லை. நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பது இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆடி 20, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். உருளத்தான் போகிறேன்.

இடது பக்கம் தரையில் அழுந்தாமல் கையை மடித்து முட்டுக்கொடுத்துக்கொண்டு மெதுவாக உருண்டால் என்ன ஆகிவிடும்? கதவைச் சாத்திக்கொண்டு அறையில் ஒருமுறை செய்துபார்த்தேன். ஒரு புரள் புரண்டதும் விலாவுக்குள் சுரீரென்றது. எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். சரியாகிவிட்டது. கால் வழுக்கியிருக்கும். படுத்திருக்கிறவளுக்குக் கால் எப்படி வழுக்கும் என்று கேட்கக்கூடாது.

அடி மேல் அடி வைத்து நடந்து சுற்றினாலும் வேண்டுதல் தீரும் என்பார்கள். ஆனால் ஏன் உருளவில்லை என்று பூசாரி கேட்பார், சுலோச்சனா கேட்பாள், தெருவே கேட்கும். பதில் சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் இவர் காதுக்கு வந்துவிடும். இவர் நெஞ்சு அதைத் தாங்குமா?

ஆடி 21, செவ்வாய்

இவருடைய மாத்திரைகளைக் காலை, மதியம், ராத்திரி என்று தனித்தனி டப்பாவில் பிரித்து, மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பால்காரர் நம்பர், கேஸ் நம்பர், தமயந்தி வேலை பார்க்கிற பள்ளி நம்பர் எல்லாவற்றையும் பிரிட்ஜ் மேல் ஒட்டினேன். இட்லிக்கு அரைத்து வைத்தேன். மூன்று நாளுக்குக் காணும்.

வந்து பார்த்தவர், “எங்க, ஊருக்கா கெளம்பற?” என்றார்.

“சும்மா. ஒழுங்கா இருக்கட்டுமேன்னு.”

என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தாடியைச் சொறிந்துகொண்டு, “நாளைக்குக் கோயிலுக்கு எத்தன மணிக்குப் போவ?” என்றார். ஆம்பிளைகள் உருண்டு முடித்தபிறகுதான் எங்களை விடுவார்கள், ஆறு மணிக்குப் போனால் சரியாக இருக்கும் என்றேன்.

“ஆம்பளைங்க மொதல்லயா?”

“உங்களுக்கு எங்க தெரியப் போவுது? டீக்கடைய விட்டு இறங்கி வந்திருந்தாத்தானே.”

“அது சரி” என்றார்.

அம்மா தாயே, எனக்கு எதுவும் ஆகக்கூடாது என்று கேட்கவில்லை. ஆவதாக இருந்தால் நாலு பக்கமும் சுற்றி முடித்தபிறகு ஆகட்டும்.

ஆடி 22, புதன்

எழுத்துக் கோணினால் கோணட்டும்.

எழுந்தபோது இவர் பாய் காலியாக இருந்தது. ஞாபகம் தப்பித்தான் எங்கோ போய்விட்டார் என்று தெருமுனை வரைக்கும் ஓடினேன். ஓடக்கூடாதவள் ஓடினேன். டீக்கடையிலும் இல்லை. சுலோச்சனா, “நீங்க கோயிலுக்குப் போங்கக்கா, அண்ணன் அங்கதான் எங்கயாச்சும் இருப்பாரு” என்றாள்.

குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றேன். கண் வேண்டுதலில் இல்லை, இவரைத் தேடிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகள் உருண்டுகொண்டிருந்தார்கள். லாரித் தண்ணீர் அடித்துக் கல்லெல்லாம் பளபளவென்று கிடந்தது. அப்போது முன்னால் ஒரே சிரிப்பு.

“பெருசு, நேரா உருளுங்க, செவுத்துல முட்டறீங்க!”

“தாத்தா ரிவர்ஸ்ல வர்றாரு, வழி வுடுங்கப்பா!”

எட்டிப் பார்த்தேன். வெற்று மார்பும் நடுவில் அந்த நீளத் தழும்புமாக, குறுக்கே விழுந்த மரம்போல ஓர் ஆள் கிடக்கிறார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. வெள்ளைத் தாடி.

வரிசையை விட்டு எப்படி வந்தேன் என்று தெரியாது.

“ஏங்க! என்ன காரியம் பண்றீங்க?”

படுத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்கியது. “பாத்தாத் தெரியல? உருளறேன்.”

“எந்திரிங்க. உங்க டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?”

“உன் டாக்டர் என்ன சொன்னாங்க?”

கண்ணைத் துடைக்கவில்லை. தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்ததால் பரவாயில்லை.

“தமயந்தி சொன்னாளா?”

“அவ எதுக்குச் சொல்லணும்? நீதான் போன ரேடியோ மாதிரி வெச்சுக்கிட்டுப் பேசறியே. அதுக்கு முன்னாடியே தெரியும். ரத்தம் கம்மிக்கு எவன்டி ரெண்டு வருஷமாக் கோயமுத்தூர் வரச் சொல்றான்? போன வருஷம் உன்னயக் கூப்புட வந்தன்ல, அங்க உக்காந்திருந்த சனங்களப் பாத்தா எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்குச் சுவரொட்டி வாங்கி வாங்கிப் போட்டீங்க?”

“வேற என்னத்தப் பண்றது? எனக்கு அதுதான் தெரியும்.”

பின்னால் ஆட்கள் உருண்டு வந்து நெருங்கிவிட்டார்கள். தொண்டுக்கு நிற்கிற ஆள் கத்தினார்: “அம்மா, இவரு வூட்டுக்காரங்களா நீங்க? பேசறத வூட்ல போயிப் பேசுங்க. தோளப் புடிச்சு நேரா வுடுங்க, வழி மறையுது!”

உருளுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்தபடி கோணாமல் திருப்பிவிட்டுக்கொண்டே வர வேண்டும். எனக்கு வருஷா வருஷம் சுலோச்சனா செய்வாள். இவருக்கென்று யாரும் இல்லை. தனியாக வந்து படுத்துவிட்டிருக்கிறார். நான் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில்.

“திரும்புங்க. கைய நெஞ்சுக்கு மேல வெச்சுக்கங்க. கண்ண மூடிக்கங்க, தல சுத்தும்.”

“உன் வேண்டுதல் எனக்காகத்தான்னும் தெரியும்” என்றார், ஒரு புரளுக்கும் அடுத்த புரளுக்கும் நடுவில். “அத நானே தீத்துக்கறேன்னு அம்மன்கிட்டச் சொல்லிட்டேன். நீ உருண்டது போதும்.”

“பேசாதீங்க. மூச்சு வாங்குது.”

முதல் மூலைப் பிள்ளையார் வரைக்கும் வந்தோம். அதற்குள் இவர் உதடு வெளுத்துவிட்டது. போதும் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். யாரோ சோடா கொண்டுவந்தார்கள். சுலோச்சனா துண்டால் விசிறினாள். இரண்டு பேரும் பிள்ளையார் காலடியில் ஈரக் கல்லில் சாய்ந்து கிடந்தோம். முதுகெல்லாம் இவருக்குச் சிராய்த்திருந்தது.

“இன்னும் மூணு பக்கம் இருக்குதே” என்றேன். எனக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது.

“பாக்கியா இருக்கட்டும். அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்.”

“அம்மன்கிட்டப் பாக்கி வெக்கறதா?”

“வெக்கணும்டி. பாக்கி நிக்கிற ஆள, கடன் குடுத்தவன் எவனாவது சாக வுடுவானா?”

சிரித்தேன். சிரிக்கும்போது விலா வலித்தது. அப்போது சுலோச்சனா, “உங்களுக்கு என்னக்கா, நீங்க உருளலியா?” என்றாள். இவர் என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கு ரத்தப் புற்று, சுலோச்சனா. வயித்துல மண்ணீரல் வீங்கியிருக்கு. உருளக் கூடாதாம்.”

சொல்லிவிட்டேன். அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். “விசிறு சுலோச்சனா” என்றார் இவர்.

ஆடி 23, வியாழன்

இவருக்கு இருமலும் லேசான காய்ச்சலும். கஷாயம் கொடுத்தேன். நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் முதுகுச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். இவர், “எக்சர்சைஸ்” என்றார். இதையும் கேட்டுவைத்திருக்கிறார்! தமயந்தியிடம்தான் நான் அதைச் சொல்லிச் சிரித்தேன், அப்புறம் ஒரு நாள் போனில். அப்பாவும் மகளும் எத்தனை நாளாகச் சேர்ந்து பேசிவைத்திருக்கிறார்கள் என்று இன்னும் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை.

உருத்தகடு வாங்கிய பெரியவர் நினைவு வந்தது. கேட்டேன். மாடத்திலிருந்து எடுத்துக் காட்டினார். அச்சில் அடித்த தகடு, கைகூப்பி நிற்கிற ஒரு பெண். “ரத்தம்னு தனியா இல்லைன்னுட்டான். அதான் முழுசா வாங்கிட்டேன்” என்றார். உண்டியலில் ஏன் போடவில்லை என்றால், “போட மனசு வரல.”

சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆளுக்கொரு பழம். மூன்று பேர் மாதுளை.

ஆடி 24, வெள்ளி

தலையணை இன்றும் நனைந்திருந்தது. வேர்வைதான். கரண்ட் இருந்தது, ஃபேன் ஓடியது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை கோயமுத்தூர். மாத்திரை ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும் என்று டாக்டர் ரெஹானா போனில் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தது போதும்போல. இவரும் வருகிறார். மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கலாமாம். தலையணை மாறினால் பரவாயில்லையாம்.

பண்டிகை முடிந்து காப்பை அவிழ்த்தாகிவிட்டது. இவருடைய செருப்பைப் பேப்பரிலிருந்து பிரித்து வாசலில் வைத்தேன்.

பண்டிகைக் கணக்கு இடப்பக்கத்தில் எழுதி முடித்தேன். பூ, பழம், சூடம், பீட்ரூட் எல்லாம் சேர்த்து. கடைசியில், உருளுதண்டம் ஒரு பக்கம் ஆனது, மூன்று பக்கம் பாக்கி என்று எழுதினேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் பாக்கியை வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பியதில்லை. அதை நேர்செய்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

திருப்பிவிட்டேன். இட்லி ஊற்ற வேண்டும்.